முத்துமாரியின் வெறும் வாளி

எங்கள் ஊரில் ஒரு பெண் நடந்து போனால் அவள் எங்கேயாவது போய்க்கொண்டிருக்க வேண்டும். ரேஷன் கடைக்கு, கோயிலுக்கு, வயலுக்கு, சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு. சும்மா நடக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் அவளுக்கு மண்டையில் கோளாறு, இல்லாவிட்டால் வீட்டில் கோளாறு. இரண்டில் எது என்பதை ஊரே கூடி முடிவு செய்துவிடும். ஆண்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தாலும் எதற்கென்று கேட்க ஆளில்லை.

நான் பத்மஸ்ரீ. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். பெருமாள் கோயில் சன்னிதித் தெருவில் பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. அவர்களில் ஒருத்தி முத்துமாரி. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நடுவில் கோபம் வந்தால் கொஞ்சம் தடம் மாறிப் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்துமாரி வயல்காரத் தெருவில் பிறந்தவள். தாமிரபரணித் தண்ணீர் எங்கள் குளத்தில் நிரம்பி, மடை வழியாக இறங்கும் வயல்களில்தான் அவள் பாதி ஆயுள் போனது. நடவு, களை, அறுப்பு என்று வருஷம் முழுவதும் குனிந்த இடுப்பு. பிறகு அறுக்க மிஷின் வந்தது, நடவும் மிஷினுக்குப் போனது. அவள் வீட்டில் உட்கார்ந்தாள். உடம்பு சும்மா இருந்தது, ரேஷன் அரிசி சும்மா இருக்கவில்லை. நாற்பது வயதுக்கு முன்னாலேயே சர்க்கரை வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் அம்மா முத்துமணிக்கும் சர்க்கரைதான். கட்டைவிரலில் முள் குத்தியது அந்த அம்மாவுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. கடைசி வருஷம் முத்துமாரிதான் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். அதனால் எங்கள் டாக்டர் ஜெனிலா, அவள் பாதத்தை நெருடிப் பார்த்து, “உணர்ச்சி குறையுது, தினமும் நடக்கணும்” என்று சொன்னதும் முத்துமாரியின் முகம் செத்துவிட்டது. வெளியே வந்து என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்.

“யம்மா, நடந்தா என் காலு எனக்கே இருக்குமா?”

“இருக்கும்” என்றேன். 

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, குளத்துக் கரைக்கு. கரை ஏறும் இடத்தில் தங்கப்பாண்டி டீக்கடை. தங்கப்பாண்டிக்கு டீ போடுவது உபதொழில். யார் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள், திரும்பி வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய முழுநேர உத்தியோகம்.

“ஏளா, எங்கன போற?”

“சும்மா நடக்கப் போறேன், அண்ணாச்சி.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. தங்கப்பாண்டி உடனே போனை எடுத்தார். அவள் புருஷன் வெள்ளத்துரை முத்தையாபுரத்தில் ஒரு கிட்டங்கியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். “ஏலே, வீட்ல எதுவும் சண்டையா? உம் பொண்டாட்டி வெறுங்கையோட குளத்துப் பக்கம் போறா. மொகமே சரியில்ல” என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். பாவம், அந்த மனுஷன் பாதி வேலையில் மூட்டையைப் போட்டுவிட்டு, பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து சேர்ந்தபோது முத்துமாரி வீட்டில் சாவகாசமாக மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைய கூலி போயிற்று. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. சாகப் போனவள் மனசு மாறித் திரும்பிவிட்டாள் என்று தங்கப்பாண்டி கடையில் பேச்சு முடிந்தது. சர்க்கரைக்கு நடந்தாள் என்பதை மட்டும் ஒருத்தரும் நம்பத் தயாராக இல்லை.

திருச்செந்தூருக்குப் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு பாதயாத்திரை போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களை ஒருத்தரும் நிறுத்திக் கேட்பதில்லை. தண்ணீர் கொடுத்துக் கும்பிடுகிறார்கள். முருகனுக்காக நடக்கலாம், காலுக்காக நடக்கக்கூடாது. இதுதான் எங்கள் ஊர்ச் சட்டம்.

முத்துமாரி ஒரு வாரம் யோசித்தாள். பிறகு ஒரு நாள் காலையில் எவர்சில்வர் தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“ஏளா, எங்கன போற?”

“பாலுக்கு.”

தங்கப்பாண்டி தலையாட்டிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். கரையின் அந்தக் கோடியில் பால்காரர் யாரும் கிடையாது. மாடே கிடையாது. கருவேலங்காடும் ஒரு பழைய பம்புசெட்டு அறையும்தான் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷருக்கு அது உறைக்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு பதில், கிடைத்துவிட்டது. அந்தப் பதில் சரியா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

அதன்பிறகு முத்துமாரி தினமும் வெறும் வாளியோடு கரையின் கோடி வரை போய் வெறும் வாளியோடு திரும்பினாள். கொஞ்ச நாளில் இன்னொருத்தி சாக்கும் பண்ணரிவாளுமாகப் புல்லுக்குக் கிளம்பினாள், ஆடு விற்று ஒரு வருஷம் ஆனவள். அடுத்தவள் தண்ணீருக்கென்று ஒரு பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒருத்தியை ஒருத்தி எதிரே பார்த்தால் “பாலுக்கா?” “ஆமா, நீ புல்லுக்கா?” என்று கேட்டுக்கொள்வார்களே தவிர, உண்மையை வாய்விட்டுச் சொன்னதில்லை. முத்துமாரி என் ஜன்னலில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் ஜெனிலா ஒரு மாத்திரையைக் குறைத்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த நேரத்தில்தான் என் அத்திம்பேர் ஊரை முன்னேற்றக் கிளம்பினார்.

அத்திம்பேர் மதுசூதனன், என் அக்கா செங்கமலவல்லியின் கணவர். துறைமுகத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே நடைப்பயிற்சியாளர் சங்கம் தொடங்கித் தலைவராகிவிட்டார். தலைவராக இல்லாமல் அவருக்கு நடக்க வராது. சங்கத்து ஆண்கள் எல்லாரும் வெள்ளை பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் காலையில் கரையில் நடப்பார்கள். நடை என்றால் நடை இல்லை, அரசியல் பேசிக்கொண்டே நகர்வது. அக்கா அதே நேரத்தில் மொட்டை மாடியில் சுண்ணாம்புக் கட்டியால் எட்டு வரைந்து அதன்மேல் சுற்றி வருவாள். சன்னிதித் தெருவில் எல்லா மொட்டை மாடியிலும் ஓர் எட்டு இருக்கிறது. என் வீட்டு மாடியிலும் இருக்கிறது. நாங்கள் படித்த பெண்கள், அதனால் வாளி தூக்குவதில்லை.

குளக்கரையைப் பொழுதுபோக்கு நடைபாதையாக மாற்ற வேண்டும் என்பது அத்திம்பேரின் திட்டம். ஏதோ ஒரு தொழிற்சாலை சமூகப் பொறுப்பு நிதியில் பணம் தர ஒத்துக்கொண்டது. ஆதிச்சநல்லூருக்கு முதுமக்கள் தாழி பார்க்க வருகிறவர்கள் அப்படியே நம் குளக்கரையிலும் நடந்துவிட்டுப் போவார்கள், ஊர் எங்கேயோ போய்விடும் என்றார். தாழியைப் பார்த்த கையோடு திருச்செந்தூரில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று பறக்கிறவன், வேனை நிறுத்தி எங்கள் குளத்தைச் சுற்றுவானாம்! 

சென்னையிலிருந்து பிரத்யும்னன் என்று ஒரு திட்ட ஆலோசகர் வந்தார். நல்ல பையன்தான், மரியாதையானவர், தொப்பி போட்டிருந்தார். கரையை யார் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டுபிடிக்கக் காலை நேரத்தில் கரையிலேயே நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டார். கூடவே வழிகாட்டியாகத் தங்கப்பாண்டியை நிறுத்தியிருந்தார்கள். முத்துமாரி வந்தாள்.

“அம்மா, இந்தக் கரையில எதுக்காக வர்றீங்க? வாக்கிங்கா?”

முத்துமாரி தங்கப்பாண்டியைப் பார்த்தாள்.

“வாக்கிங்கா! நமக்கெதுக்குய்யா அதெல்லாம்? பாலுக்குப் போறேன்.”

அடுத்தவள் புல்லுக்கு, அதற்கடுத்தவள் விறகுக்கு. நடப்பதற்காகவே நடந்துகொண்டிருந்த அத்தனை பெண்களும், நடக்கிறாயா என்று கேட்ட முதல் ஆளிடம் இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களைத் தவிர வேறு யாருக்கு இந்தச் சாமர்த்தியம் வரும்? வெள்ளை பனியன்காரர்கள் ஒவ்வொருவரும் நடைப்பயிற்சிதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒரு வேலை நாளில், வேலை நேரத்தில் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வரவில்லை. பென்ஷன்காரர்கள் வந்து ஊரைத் திட்டமிட்டார்கள். கேசரி கிண்டிக் கொடுத்த அக்கா, அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு விவரம் சொன்னாள். பெண்கள் இந்தக் கரையை நடக்கப் பயன்படுத்துவதே இல்லை, வெறும் சுமைப் பாதையாகத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பிரத்யும்னன் திரையில் வண்ண வண்ணமாகக் காட்டினாராம். நடப்பவர்கள் நிம்மதியாக நடக்க வேண்டுமென்றால் சுமைகளை மெயின் ரோட்டுக்குத் திருப்பிவிட வேண்டும் என்றாராம். எல்லாரும் கைதட்டினார்களாம். ஏதோ புல்லுக்கட்டைச் சொல்கிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

பாதை வந்தது. மண் கரையில் சிமெண்டுக் கல் பதித்தார்கள். நிழலுக்கு இருந்த பூவரசுகளை வெட்டிவிட்டு, வெயிலில் காய்கிற மாதிரி பெஞ்சு போட்டார்கள். நுழைவாயிலில் ஒரு பெரிய சிப்பி, அதற்குள் ஒரு முத்து, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு மேடை. முத்துக் குளித்தது கடலில். இது ஆற்றுத் தண்ணீர்க் குளம், இதில் ஊமச்சி நத்தைதான் கிடைக்கும். மாவட்டத்துக்கே முத்துதான் பெருமை என்று அத்திம்பேர் விளக்கம் சொன்னார். கம்பிக் கதவு வந்தது. கதவுக்குக் காவலாக, கடை பக்கத்திலேயே இருக்கிறதே என்று தங்கப்பாண்டியையே போட்டார்கள். இத்தனை காலம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர் இனி அதிகாரத்தோடு கேட்கலாம்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. ‘நடைப்பயிற்சி செய்வோருக்கு மட்டும். கால்நடைகள், சுமைகள், சாக்குகள், பாத்திரங்கள் கொண்டு வரத் தடை.’

திறப்பு விழாவுக்கு மறுநாள் முத்துமாரி வழக்கம்போல வாளியோடு வந்தாள்.

“வாளியோட உள்ள விட மாட்டேன்ளா. சட்டம் அப்படி. பாலுக்குன்னா மெயின் ரோட்டு வழியா போ” என்றார் தங்கப்பாண்டி.

நான் நடக்கத்தான் வந்தேன் என்று அவள் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று ஓடி வந்த புருஷனின் முகம் அவள் கண்ணிலேயே நின்றது. வாளியோடு திரும்பி மெயின் ரோட்டுக்கு இறங்கினாள். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோடு அது. ஒரு லாரிக்கு ஒதுங்கி ஓரத்துச் சரளையில் விழுந்தாள். வாளி நசுங்கியது. எழுந்து வீட்டுக்குப் போனாள். பெருவிரலுக்குக் கீழே கண்ணாடிச் சில்லு ஏறியிருந்ததை இரண்டு நாள் கழித்துச் செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவள் அம்மாவைப் போலவே, வலிக்கவே இல்லை.

அந்தப் புண் ஆற மாதக்கணக்காயிற்று. டாக்டர் ஜெனிலா தானே உட்கார்ந்து கட்டுக் கட்டினார். முத்துமாரி ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். சர்க்கரை பழையபடி ஏறியது, குறைத்த மாத்திரையைத் திரும்பக் கொடுத்தோம். அப்போதுதான் அவள் எனக்குப் பலகையைப் பற்றியும் கதவைப் பற்றியும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு யாருக்கு என்ன மாத்திரை கொடுத்தேன் என்று ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்க்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

“அத்திம்பேர், அந்தப் பொம்மனாட்டிகளை ஏன் கரையில விட மாட்டேங்கறேள்?”

“யாரு விடல? பால் வாங்கப் போறவாளுக்கு மெயின் ரோடு இருக்கே.”

“அவ பால் வாங்கப் போகல. நடக்கப் போறா. அவளுக்குச் சர்க்கரை.”

“அப்போ வாளி எதுக்கு?”

“வாளி இல்லாம போனா எங்க போறேன்னு ஊர் கேக்கறது.”

அத்திம்பேர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை. “என்னடி பத்மா, வேடிக்கையா பேசறே? கேட்டா நடக்கறேன்னு சொல்லிட்டுப் போறது! வாளிய அவ ஆத்துலயே வச்சுட்டு வரச் சொல்லு. யாரு வேண்டாம்னா?”

“அக்காவை ஏன் கூட்டிண்டு போறதில்ல?”

“அவளுக்கென்ன, மாடி இருக்கு.”

அறுபது வயது தாண்டிய மனுஷர். வாழ்நாளில் ஒரு தடவைகூட, வெறுங்கையோடு நடந்ததற்காக யாரும் அவரை நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. அவரிடம் என்ன பேசுவது? அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புண் ஆறியதும் டாக்டர் ஜெனிலா முத்துமாரியிடம் கண்டிப்பாகச் சொன்னார். “இந்தத் தடவை விரல் தப்பிச்சிருக்கு. நாளையிலருந்து நடக்கணும், ரோட்டுல இல்ல.” சர்க்கரைக்காரர்களுக்கென்று கொடுக்கிற மெத்தென்ற செருப்பை நான் எடுத்துக் கொடுத்தேன்.

“வாளிய வச்சிட்டுப் போ, முத்துமாரி.”

“வச்சிட்டு? எங்கன போறன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“நானும் வரேன். ரெண்டு பேரையும் கேட்கட்டும்.”

மறுநாள் காலையில் டீக்கடை முன்னால் நான் போய் நின்றபோது எனக்கே கூச்சமாக இருந்தது. மாடியில் எட்டுப் போட்டே பழகிய எனக்கு, தெருவில் வெறுங்கையோடு நிற்க வரவில்லை. முத்துமாரி வந்தாள். புதுச் செருப்பு, கையில் அதே நசுங்கிய வாளி. பழக்க தோஷம், இல்லையென்றால் பயம். தங்கப்பாண்டி கதவருகே எழுந்து நின்றார்.

“என்னம்மா, நீங்க இங்கன?” என்று என்னைக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “ஏளா, வாளியோட வராதன்னு உனக்கு எத்தன தடவ சொல்ல?”

அந்த நேரம் பார்த்து அத்திம்பேர் கையை வீசிக்கொண்டு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் தலைவர் முகம் வந்துவிட்டது. “வாளிய வச்சுட்டு வாம்மா, நன்னா நட. யாரும் தடுக்கல” என்றார் பெரிய மனது பண்ணி.

முத்துமாரி நேரே அவரிடம் போனாள். வாளியை அவர் கையில் திணித்தாள்.

“அப்ப நான் வார வரைக்கும் நீங்க பிடிங்க, சாமி.”

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கதவைத் தாண்டிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். தங்கப்பாண்டியின் குரல் முதுகில் விழுந்தது.

“ஏளா, எங்கன போற?”

முத்துமாரி திரும்பவில்லை. வெறுங்கையோடு நடக்கவும் தெரியவில்லை அவளுக்கு. செருப்புச் சத்தத்துக்கே சங்கடப்பட்டாள். வலது கை மட்டும் வாளி இருப்பது போலவே மடங்கி விறைத்துக்கொண்டு வந்தது. கோடியில் பம்புசெட்டு அறை வந்தபோதுதான் அந்தக் கை கீழே இறங்கி, இன்னொரு கையைப் போல வீசத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது. ஒரு பெண் கையை வீசி நடப்பதைப் பார்த்து அழ வேண்டியிருக்கிற ஊரில் நானும்தானே இத்தனை நாள் குடியிருக்கிறேன் என்று என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

திரும்பி வந்தபோது அத்திம்பேர் கதவுக்கு வெளியே, முத்துச் சிப்பிக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். பாத்திரத்தோடு உள்ளே விடக்கூடாது என்று பலகையில் அவரே எழுதி வைத்திருந்தார். கீழே வைத்தால் கௌரவக் குறைச்சல். வேறு யாரிடமாவது கொடுக்கலாமென்றால் யாரும் வாங்கவில்லை. சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போகும்போது நின்று கேட்டார்கள்.

“என்ன ஓய், பாலுக்கா?”

“எங்க ஓய் கிளம்பிட்டீர், வாளியோட?”

அவர் முகம் நன்றாகச் சிவந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்துக்கே அப்படி. முத்துமாரி வந்து கையை நீட்டியதும் வாளியை வெடுக்கென்று கொடுத்துவிட்டு, எதையாவது கேட்டாக வேண்டுமே என்று கேட்டார்.

“இவ்வளவு நேரம் எங்க போயிருந்தே?”

“எங்கயும் போவல, சாமி. நடந்தேன்.”

அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாக்கும் பண்ணரிவாளுமாகக் கதவுக்கு வெளியே தயங்கி நின்ற ஆடில்லாதவளும் பார்த்தாள். தங்கப்பாண்டி போனை எடுத்தார், முத்துமாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் மறுபடி பையில் போட்டார்.

முத்துமாரி அவர் கடை முன்னால் போய் வாளியை மேசையில் வைத்தாள்.

“வாளிதான் இருக்கே. அரை லிட்டர் பால் ஊத்துங்க, அண்ணாச்சி.”